தோசைக்கு எந்த மீன்?

கேள்வி: 'தோசைத் தலையோடு மீன் சேர, பூ மணக்கும் ஊர் (3)', குறுக்கெழுத்துல இந்த ஒண்ணு மட்டும் ரெண்டு நாளா பிடி குடுக்கல, சாளை போட்டும் பார்த்தாச்சு, கடைசி கட்டத்துல ளை சரியா உட்காருது ஆனா ஊருதான் வரல.
– தக்கலை வாசகர்

பதில்: அட, ளை வரைக்கும் வந்துட்டு விட்டுட்டீங்களே! இந்த மாதிரி குறிப்புல நேரடி அர்த்தம் ஏதாவது ஒரு ஓரத்துலதான் இருக்கும், இங்க கடைசியில, 'பூ மணக்கும் ஊர்'. மிச்சம் பூரா எழுத்து கூட்டுற வேலை, தோசையையும் மீன் குழம்பையும் நினைச்சு வாயூறுனா மாட்டுனீங்க. தோசைக்குத் தலைன்னா முதல் எழுத்து, தோ. மீன் சாளை இல்ல, வாளை, வெள்ளி பெல்ட் மாதிரி நீளமா பளபளன்னு கிடக்குமே அதுதான். சேர்த்துப் படிங்க, தோவாளை! நாகர்கோவில்ல இருந்து ஆரல்வாய்மொழி போறப்போ பிச்சிப்பூ வாசம் பஸ்ஸுக்குள்ளயே ஏறுமே, அந்த ஊரு.