உயிலுக்கு முன்னால் தம்பியோடு ஓர் ஒப்பந்தம்

கேள்வி: எனக்கு வயது 56. நானும் என் தம்பியும் 22 வருடங்களாகச் சேர்ந்து லேத் பட்டறை நடத்துகிறோம். ஆளுக்குப் பாதி என்பது வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை. பட்டறைக் கட்டடம் என் பெயரில் இருக்கிறது. மெஷின் வாங்கிய வங்கிக் கடனில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், என் மனைவி ஜாமீன் போட்டிருக்கிறார். மகன் 4 வருடங்களாக எங்களோடு வேலை பார்க்கிறான். மகள் வெளியூரில் வேலையில் இருக்கிறாள். பட்டறையை மகனுக்கும் வீட்டை மகளுக்கும் உயில் எழுதிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. உயில் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால் தம்பியோடு உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அது முடியாமல் உயில் எழுதினால், மகனுக்குப் பட்டறை போகாது, வழக்குதான் போகும்.

'பட்டறையை மகனுக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறை முழுவதும் உங்களுடையது இல்லையே. நம்முடையது எதுவோ அதைத்தான் உயிலில் எழுத முடியும். உங்களுடையது பாதிப் பங்கு. அந்தப் பாதி எந்த வடிவத்தில் மகன் கைக்கு வரும் என்று பாருங்கள். எழுத்தில் எதுவும் இல்லாத கூட்டுத் தொழிலுக்குச் சட்டமே ஒரு விதி வைத்திருக்கிறது: பங்குதாரர் ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும். இங்கிலாந்தின் 1890-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, இந்தியாவின் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டமும் அப்படியே. மலேசியா, சிங்கப்பூர் சட்டங்களும் அதே வழிதான்.

கலைந்துவிட்டால் கணக்கு முடித்து, கடன் அடைத்து, மிச்சத்தைப் பிரிக்க வேண்டும். உங்கள் மகனுக்கு வருவது உங்கள் நாற்காலி இல்லை, சித்தப்பாவிடமிருந்து பணம் கேட்கும் உரிமை. 'அப்பாவின் பாதியைக் கொடுங்கள்' என்று அவன் போய் நிற்கும்போது அவர் கையில் பணம் இருக்காது. 22 வருட உழைப்பும் மெஷினாக நின்றுகொண்டிருக்கும். விற்றால் தொழில் போச்சு, விற்காவிட்டால் உறவு போச்சு. நல்ல மனிதர்கள்கூட இந்த இடத்தில்தான் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்கிறார்கள்.

'ஒருவர் இறந்தாலும் தொழில் தொடரும்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். மூன்று, நான்கு பங்குதாரர்கள் இருந்தால் அது உதவும். நீங்கள் இரண்டே பேர். ஒருவர் போனால் மிஞ்சுவது ஒருவர், ஒற்றை ஆளாகக் கூட்டுத் தொழில் நடத்த முடியாது. இந்திய உச்ச நீதிமன்றம் 1965-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உங்களுக்கு இரண்டு வழி உண்டு. தம்பி சம்மதித்தால் மகனை இப்போதே சிறிய பங்கோடு மூன்றாவது ஆளாகக் கூட்டில் சேர்த்து, 'தொழில் தொடரும்' என்ற அந்த வரியையும் எழுதுவது ஒன்று. அப்படிச் சேர்த்தால், அதற்குப் பிறகு தொழில் வாங்கும் கடனுக்கெல்லாம் அவனுடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும் என்பதை அவனுக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இன்னொரு வழி, பட்டறையைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றுவது. கம்பெனி என்பது அதன் முதலாளியிலிருந்து வேறான தனி ஆள் என்று, லண்டனில் பூட்ஸ் தயாரித்த சாலமன் என்பவரின் வழக்கில் 1896-ல் பிரபுக்கள் சபை (அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் அதுதான்) தீர்ப்புச் சொன்னது. இன்றுவரை கம்பெனிச் சட்டம் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஷேர் வைத்திருப்பவர் இறந்தாலும் கம்பெனி இறப்பதில்லை, ஷேர்கள் மட்டும் கைமாறும். வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்யும் வேலை கூடும், செலவும் உண்டு. உங்கள் நிலையில் நான் இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எந்த வழியாக இருந்தாலும், தம்பியோடு எழுதும் ஒப்பந்தத்தில் ஒரு விஷயம் விடுபடக் கூடாது. இருவரில் ஒருவர் இல்லாமல் போனால் அவருடைய பங்கை யார் வாங்குவது, என்ன விலைக்கு, எத்தனை தவணையில் என்பதுதான் அது. விலையை இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. கணக்கிடும் முறையை எழுதி, வருடத்துக்கு ஒரு முறை இருவரும் ஒரு தாளில் மதிப்பைக் குறித்துக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். யார் முதலில் போவோம் என்று தெரியாமல் போடும் விலை என்பதால் அது நியாயமாகவே இருக்கும். பணத்துக்கு எங்கே போவது? உங்கள் உயிர்மேல் அவரும் அவர் உயிர்மேல் நீங்களும் டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம். அப்படி வரும் தொகையில் பங்கை வாங்கிக்கொண்டால் ஒரு மெஷினைக்கூட விற்க வேண்டியிருக்காது. மகன் பட்டறையில் தொடர வேண்டும் என்பது உங்கள் விருப்பம். அப்படியென்றால் பங்கை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும் உரிமை முதலில் அவனுக்கு என்று எழுதுங்கள்.

அப்புறம், எல்லோரும் சாவைப் பற்றியே யோசிக்கிறார்கள். பக்கவாதம் வந்து படுத்துவிட்டால்? உயில் இறந்த பிறகுதான் பேசும். வங்கிக் கணக்குக்காக எழுதி வைக்கும் சாதாரணப் பவர் பத்திரமும் கைகொடுக்காது, ஏனென்றால் எழுதிக் கொடுத்தவருக்குச் சுயநினைவு போனால் அதுவும் செல்லாமல் போகும். சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் அப்போதும் செல்லும்படியான தனிப் பத்திரத்துக்குச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லாததால், பட்டறைக் கணக்கில் இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்ற ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைப்பது நல்லது.

கட்டடத்துக்கு வருவோம். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. ஆனால் வாங்கிய பணம் தொழிலிலிருந்து வந்திருந்தால், 'இது கூட்டுச் சொத்து' என்று தம்பி சொல்ல இடமுண்டு. இன்று அவர் சொல்ல மாட்டார். அவருடைய பிள்ளைகள் நாளை சொல்லலாம். கட்டடம் யாருடையது, தொழில் அதற்கு வாடகை தருகிறதா என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி எழுதிவிடுங்கள். உயிலில் கட்டடத்தைப் பற்றி நீங்கள் எதுவுமே யோசிக்கவில்லை போலிருக்கிறது. அதில் மகனுக்கும் மகளுக்கும் பொதுவாகப் பங்கு வந்தால், ஒருவர் விற்கப் பார்ப்பார், மற்றவர் மெஷினை எங்கே கொண்டுபோவது என்று தவிப்பார். கட்டடத்தைப் பட்டறை நடத்துகிறவருக்கே விட்டுவிட்டு, மற்றவருக்கு வேறு விதத்தில் ஈடு கட்டுங்கள்.

ஈடு என்றதும் கணக்கு வருகிறது. எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் சொத்து 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் வீடு 35, கட்டடம் 30, பட்டறைப் பங்கு 35 என்றால், கட்டடத்தையும் மகனுக்கே விட்டால் மகளுக்கு 35, மகனுக்கு 65. இதில் தவறில்லை, தெரிந்து செய்தால். தெரியாமல் செய்துவிட்டு, அப்பா ஏன் இப்படி எழுதினார் என்று மகளை வாழ்நாள் முழுக்க யோசிக்க வைக்காதீர்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்துக் காரணத்தை நீங்களே சொல்லுங்கள். மகனுடைய உழைப்புக்கு ஈடு என்பது காரணமென்றால், அந்த உழைப்புக்கு இன்றே ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். பின்னால் சொத்தாகத் தருகிறேன் என்று சொல்லி வேலை வாங்குவதில்தான் பல வீடுகளில் மனக்கசப்பு தொடங்குகிறது.

மனைவியின் ஜாமீன்தான் எனக்குக் கவலை தருகிறது. நீங்கள் விட்டுப்போகும் கடனுக்கு, கிடைத்த சொத்தின் அளவுக்கு மேல் வாரிசுகள் பொதுவாகப் பொறுப்பில்லை. ஜாமீன் போட்டவர் கதை வேறு, வங்கி அவரை நேரடியாகவே கேட்கலாம். மிச்சக் கடன் எவ்வளவோ அந்த அளவுக்காவது உங்கள் பெயரில் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள். கடனைப் புதுப்பிக்கும்போது அவர் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு உயில். பல நாடுகளில் இரண்டு சாட்சிகள் போதும். இலங்கையில் நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் இரண்டு சாட்சிகள், அவர் இல்லாவிட்டால் ஐந்து பேர் வேண்டும். சொத்துப் பெறுகிற யாரையும் சாட்சியாக வைக்காதீர்கள். உயிலை நிறைவேற்றுபவராகத் தம்பியைப் போடாமல், தொழிலில் பங்கில்லாத ஒருவரைப் போடுங்கள். கணக்குகளில் நாமினி பெயரையும் ஒரு தடவை சரிபாருங்கள். இந்தியாவில் வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, அதற்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை.

கடைசியாக, பணம் செலவாகாத ஒரு வேலை. கணவரை இழந்த ஓர் அம்மா என்னிடம் கறுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வரவேண்டிய பாக்கியெல்லாம் அதில்தான் இருந்தது. 'கு - பாதி வந்தது', 'ரா - தீபாவளிக்குப் பிறகு', 'பழைய ஆள் - கேட்க வேண்டாம்' என்று பக்கம் பக்கமாக. யார் அந்தக் 'கு' என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. உங்களிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் நேரே முழுப்பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள்.