பெங்களூரில் பழைய ஆய்வேடு தேடுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ஆய்வேடுகள் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவன் நான். வட்டார வரலாறு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் கீழே.

கேள்வி: சார், எங்கள் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்து சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தக் குடியேற்றம் பற்றிய ஆய்வேட்டை எங்கே தேடுவது?

பதில்: முதலில் வருஷத்தைப் பாருங்கள். பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 1964-இல்தான் வந்தது, அதற்கு முந்தையது என்றால் 1916-இல் தொடங்கிய மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கேட்க வேண்டும். 2017-இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தைப் பிரித்து கோலார்ப் பக்கத்தைப் பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள், ஆனாலும் பழைய ஆய்வேடுகளைப் பழைய பெயரிலேயே தேடுங்கள். ஊரை விட்டு வந்த கதை வேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பாருங்கள். வட ஆற்காடு 1989-இல் இரண்டானது, அதனால் இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் போட்டால் பாதி கிடைக்காது.

கேள்வி: ஆய்வேடுகளை இணையத்தில் படிக்கத் தரும் சோத்கங்கா தளத்தில்தான் எல்லாம் இருக்கிறதே, நூலகத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

பதில்: எல்லாம் இல்லை. மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக்குழு விதி போட்டது 2009-இல். அதற்கு முந்தையவற்றில் ஸ்கேன் ஆனது கொஞ்சம்தான், தட்டச்சுப் பிரதியாக அலமாரியிலேயே இருப்பவை ஏராளம். அப்புறம் இன்னொன்று, நான் நேரில் பார்த்தது: ஓர் ஆய்வேட்டை ஸ்கேன் செய்தவர்கள் பின்னட்டைப் பையில் மடித்து வைத்திருந்த ஏரி வரைபடத்தை விட்டுவிட்டார்கள். அந்த ஏரி இப்போது கிடையாது, வரைபடம் அந்த ஒரு பிரதியில்தான் இருக்கிறது. வட்டார வரலாற்றில் முடிவுரையை விடப் பின்னிணைப்புதான் எனக்குப் பெரிது. தகவலாளர் பட்டியல், கள ஆய்வில் எடுத்த பேட்டி, கல்வெட்டுப் பாடம் எல்லாம் அங்கேதான் இருக்கும், பேட்டி கொடுத்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. இணையத்தில் படித்தாலும் பின்னிணைப்பு இருக்கும் கோப்பை முதலில் திறங்கள்.

கேள்வி: தொம்மலூர் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டுகளை ஓர் ஆய்வேட்டில் படித்தேன். அப்படியே நம்பலாமா அண்ணா?

பதில்: மூலத்தோடு ஒத்துப் பாருங்கள் தம்பி. பி. எல். ரைஸ் பதிப்பித்த எபிகிராஃபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுதி வரிசையில் பெங்களூர் மாவட்டம் 9-ஆம் தொகுதி, 1905-இல் வெளிவந்தது. ஒருவர் தப்பாகப் படித்ததைப் பின்னால் வந்தவர்கள் அப்படியே எடுத்து எழுதுவது நிறைய நடக்கிறது. 1909-இல் தொடங்கி இப்போது நிருபதுங்கா சாலையில் இருக்கிற மித்திக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வுச் சங்கம் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து வருகிறது, அதையும் பாருங்கள். மடிவாளா சோமேஸ்வரர் கோயிலின் 1247-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டில் பெங்களூரின் பெயரே இருக்கிறது, நேரம் கிடைத்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: முழுசாக ஜெராக்ஸ் எடுக்கலாமா?

பதில்: பெரும்பாலும் விட மாட்டார்கள். உரிமை எழுதியவருடையது, அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் உண்டு. சொந்தப் படிப்புக்குச் சில பக்கம் கேளுங்கள்.

கேள்வி: அம்மா 1980-களில் எழுதிய எம்.ஃபில். ஆய்வேடு பரணில் கிடக்கிறது, ஓரமெல்லாம் நொறுங்குகிறது. என்ன செய்யலாம் சார்?

பதில்: இன்றைக்கே கீழே இறக்குங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம், இரண்டுமே தாளைக் கெடுத்துவிடும். பைண்டிங்கைப் பிரிக்காமல் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள், பின்னிணைப்பிலிருந்து ஆரம்பியுங்கள். அம்மா இருக்கிறார் என்றால் பக்கத்தில் உட்கார வைத்து, யார் யாரிடம் பேசினார், எந்தத் தெரு, எந்த வருஷம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.