ஒரு லட்சம் ஒரு ரூபாய் நாணயம்: எத்தனை டின் பிடிக்கும்?

கேள்வி: என் மாமனார் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கல்லாவில் விழும் ஒரு ரூபாய் நாணயங்களை எண்ணெய் டின்னில் போட்டுச் சேர்க்கிறார். இரண்டு டின் நிரம்பிவிட்டது. ஒரு லட்சம் ஆனதும் நான்கு வயதுப் பேத்தி பேரில் போடுவாராம். இன்னும் எத்தனை டின் ஆகும்? பரணில் ஏற்றி வைக்கலாமா? - வாசகி, கோவில்பட்டி

பதில்: முதலில், பரண் வேண்டவே வேண்டாம்.

2011-ல் வந்த ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 3.79 கிராம். அதில் உள்ள எஃகு அரை மில்லிலிட்டர்தான். கொட்டி வைக்கும்போது இடையில் காற்றும் இடம் பிடிப்பதால் ஒரு நாணயத்துக்கு சுமார் 0.8 மில்லிலிட்டர் ஆகும். 15 கிலோ எண்ணெய் டின்னில் 16 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கொள்ளும். ஆக டின்னுக்கு சுமார் 20,000 ரூபாய்; ஐந்து டின்னில் லட்சம் முடிந்தது. பழைய பெரிய நாணயங்கள் (4.85 கிராம்) நிறைய கலந்திருந்தால் டின்னுக்கு 16,000 அளவில்தான் வரும்.

இடம் பிரச்சினையே இல்லை, சமையலறை மூலை போதும். எடைதான் ஆளை அமுக்கும். ஒரு டின் 75 கிலோ, ஐந்தும் சேர்ந்தால் 380 கிலோவை ஒட்டி வரும். ஒரு கோடி ரூபாயை இப்படியே சேர்த்தால் பத்துக்குப் பத்து அறையில் இடுப்பளவுதான் நிற்கும், ஆனால் 38 டன்! சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கில் கட்டும் வீட்டுத் தளத்தில் 4,000 கிலோ. 2022-ல் சேலத்தில் ஓர் இளைஞர் 2.6 லட்சத்தை ஒரு ரூபாய் நாணயங்களாகவே கொடுத்து பைக் வாங்கினாரே, அதுவே கிட்டத்தட்ட ஒரு டன் இருந்திருக்கும். எண்ணியவர்கள் பாவம்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். இப்போதே கையில் 32,000 முதல் 40,000 வரை இருக்கிறது. லட்சம் ஆகட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. டின் வட்டி தராது. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் 2024 ஜனவரியில் 8.2% ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் 40,000 ஒரு வருடம் இருந்தால் 3,280 ரூபாய்.

வங்கியில் நாணயம் கட்ட உச்சவரம்பு இல்லை என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. நூறு நூறாகப் பையில் கட்டிக்கொண்டு, கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, மேலாளரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். கடைக்காரர்களிடம் அந்த உரிமை செல்லாது: 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாய் நாணயங்களை 1,000 ரூபாய் வரைதான் அவர்கள் வாங்கியாக வேண்டும். ஆனாலும் சில்லறைக்கு அலையும் பேக்கரி, பெட்ரோல் பங்கில் கேட்டுப் பாருங்கள், நோட்டாகவே தருவார்கள்.

செல்வமகள் கணக்கைத் தாத்தா தொடங்க முடியாது; பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் தொடங்க வேண்டும். குழந்தைக்குப் பத்து வயது ஆகும் முன், 250 ரூபாயில் நீங்களே தொடங்கலாம். வருடத்துக்கு 1.5 லட்சம் வரை போடலாம் என்பதால், மாமனார் மாதாமாதம் கல்லாவிலிருந்து தருவதை அப்படியே கட்டிக்கொண்டு வாருங்கள்.