பத்து நாள் மூழ்கிய பயிர்: சப் 1 நெல் தாங்குமா?

கேள்வி: தலைஞாயிறு பக்கம் நாலு ஏக்கர் சாகுபடி. போன சம்பாவில் சி.ஆர். 1009 நெல் நட்ட இருபதாம் நாள் தண்ணீர் ஏறியது. பத்து நாள் கழித்து வடிந்தபோது பயிர் அழுகிவிட்டது. 'சப் 1' போடச் சொல்கிறார்கள். இது மரபணு மாற்றிய நெல்லா? நேரடி விதைப்புக்கும் ஆகுமா?

பதில்: வணக்கம் ஐயா. இருபது நாள் பயிர் கண்ணெதிரே அழுகிப்போவது எவ்வளவு வேதனை என்று தெரியும். அந்த நிலைமைக்கென்றே வந்த ரகம்தான் சி.ஆர். 1009 சப் 1.

இது மரபணு மாற்றிய நெல் இல்லை. ஒடிசாவின் நாட்டு நெல்லில் தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13 ஏ ரகத்தில் இருந்த, மூழ்கினாலும் தாங்கும் குணத்தை (அதைத் தரும் மரபணுதான் சப் 1), திரும்பத் திரும்பக் கலப்புச் செய்து சி.ஆர். 1009-க்குக் கொண்டுவந்தது.

பயிர் மூழ்கினால், அது தானே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்கும். சாதாரண நெல் உடனே தண்ணீருக்கு மேலே தலைநீட்டப் பார்க்கும். கையிருப்பு மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிடும். வடிந்ததும் வெளிறிய தாளாகச் சாய்ந்து கிடக்கும். உங்கள் வயலிலும் அப்படித்தான் பார்த்திருப்பீர்கள். சப் 1 மரபணு ஒரு சுவிட்ச் மாதிரி. அதே எத்திலீன் பட்டதும் விழித்து, நீளச் செய்யும் மற்ற மரபணுக்களை அடக்கிவைக்கும். பயிர் குட்டையாகவே இருந்து சத்தைச் சேமிக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும்.

ஆனால் இது தூர் கட்டும் பருவத்துக்கான காப்பு. பூக்கும் சமயம் மூழ்கினால் உதவாது. ஓரடி, ஒன்றரையடித் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கும் பள்ளத்துக்கும் இது தீர்வல்ல. நேரடி விதைப்பிலும் முளைக்கும் விதை மூழ்கினால் அழுகத்தான் செய்யும். பயிர் வேர்பிடித்து வளர்ந்த பிறகுதான் தாங்கும். உங்கள் வயலுக்கு நடவையே சொல்வேன்.

தண்ணீர் வடிந்த அன்றே உழுது அழித்துவிடாதீர்கள். இலை அழுகிக் கிடந்தாலும் ஒரு குத்தைப் பிடுங்கி அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. சில நாளில் பச்சைக் குருத்து வரும். அப்புறம் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள்.

விதை வாங்கும்போது சான்று அட்டையில் 'சப் 1' என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் நெல்மணியைப் பார்த்து, பழைய சி.ஆர். எது, இது எது என்று பிரிக்க முடியாது.