வேர்க்கடலை ஆகாது என்று தெரிந்த பிறகு கடையில் எதைப் பார்ப்பது, யாரைக் கேட்பது?

கேள்வி: எனக்கு 38 வயது. வேர்க்கடலை சாப்பிட்டே வளர்ந்தவள். போன மாதம் கடலை உருண்டை சாப்பிட்ட சிறிது நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். பிறகு அலர்ஜி மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இனி வேர்க்கடலை கூடவே கூடாது என்றார். வீட்டில் பல வருடமாகச் செக்குக் கடலெண்ணெய்தான். எதை வாங்குவது என்றே தெரியவில்லை, கடைக்குப் போகவே பயமாக இருக்கிறது. (வாசகி, விழுப்புரம்)

பதில்: நாற்பதை நெருங்கும்போது இப்படி ஒன்று வந்தால் யாருக்கும் பயம் வரும். இத்தனை வருடம் ஒன்றும் செய்யாத பொருள் ஒருநாள் திடீரென்று ஒவ்வாமல் போவது உண்டு. வீட்டில் யாராவது "கொஞ்சம் சாப்பிட்டால் பழகிவிடும்" என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

முதலில் எண்ணெய். ஒவ்வாமையைத் தூண்டுவது கடலையில் உள்ள புரதம். ரீஃபைண்டு எண்ணெயில் சுத்திகரிப்பின்போது அந்தப் புரதம் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். செக்கில் ஆட்டியதில் அது தங்கியிருக்கும். உடம்புக்கு நல்லது என்று தேடி வாங்கிய எண்ணெய்தான் உங்களுக்கு ஆபத்து. அதே செக்குக் கடையில் நல்லெண்ணெய்க்கு மாறலாம் என்று நினைப்பீர்கள். கடலை ஆட்டிய செக்கிலேயே எள்ளையும் ஆட்டுவார்களா என்று முதலில் கேளுங்கள். ஒரே செக்கு என்றால் அங்கே எந்த எண்ணெயும் வேண்டாம். சீல் வைத்த சூரியகாந்தி எண்ணெய்க்கோ தேங்காய் எண்ணெய்க்கோ மாறுவது எளிது. ஒரு விஷயம்: எண்ணெய்களுக்கு ஒவ்வாமை அறிவிப்பு அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் அந்த வரியைத் தேடாமல், எந்த எண்ணெய், எதோடு கலந்தது என்று பெயரைப் படியுங்கள்.

அடுத்தது பாக்கெட். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைப்படி எட்டு வகைப் பொருள்களைத் தனியாக அறிவிக்க வேண்டும்: கோதுமை, பார்லி போன்ற பசையம் (குளூட்டன்) உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் முந்திரி பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, சல்ஃபைட் (உணவு கெடாமலிருக்கச் சேர்ப்பது). பொருளில் சேர்த்திருந்தால் 'கன்டெயின்ஸ்' (உள்ளது) என்று போட வேண்டும், தொழிற்சாலையில் கலந்துவிட வாய்ப்பிருந்தால் 'மே கன்டெயின்' (இருக்கலாம்) என்று போடலாம். இரண்டாவது வரியைப் பலர் சும்மா போடுகிறார்கள் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மூச்சுத் திணறல் வரை போன உங்களுக்கு அந்த வரி இருந்தாலே பாக்கெட்டைத் திருப்பி வைப்பதுதான் சரி. வெறுமனே 'நட்ஸ்' என்று மட்டும் இருந்தால், கம்பெனி பதில் சொல்லும்வரை அதை வேர்க்கடலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரியும் இல்லையென்றாலும் அதை உத்தரவாதமாக நினைக்க வேண்டாம். வாடிக்கையாளர் தொடர்புக்கான மின்னஞ்சல் பாக்கெட்டிலேயே இருக்கும். எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் சட்டம். தமிழில் போடுவது கம்பெனியின் விருப்பம். ஒரு உயிர் தொடர்பான வரியை வாங்குகிறவர் படிக்க முடியாத மொழியில் போடுவது நியாயமே இல்லை. ஆனால் இப்போதைக்கு வழி இதுதான்: உங்கள் வீட்டில் மளிகை வாங்குபவர் அம்மாவோ மாமியாரோ என்றால், 'பீநட்', 'கிரவுண்ட்நட்', 'நட்ஸ்' என்ற ஆங்கில வார்த்தைகளைப் பெரிதாக எழுதிப் படம் எடுத்து அவர்கள் போனில் போட்டு வையுங்கள். வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள். தயாரிப்பு முறையைச் சொல்லாமல் மாற்றுவார்கள்.

பாக்கெட் இல்லாத உதிரிப் பொருள்தான் உண்மையான சிக்கல். காரக் கடையில் கடலை மிக்சர் அள்ளிய கரண்டியே ஓமப்பொடிக்கும் போகும், எண்ணெய்ச் சட்டியும் ஒன்றுதான். அங்கே வாங்குவதை நிறுத்திவிடுங்கள். மாவு மில்லும் அப்படித்தான். உங்களுக்கு முன்னால் ஒருவர் கடலை சேர்த்த சத்துமாவு அரைத்திருந்தால் இயந்திரத்தில் மிச்சம் இருக்கும். பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலை மாவு எல்லாம் வேறு செடி. மருத்துவர் தடுக்காவிட்டால் சாப்பிடலாம், ஆனால் பாக்கெட்டில் வாங்குங்கள்.

ஓட்டலில் "அலர்ஜி" என்று சொன்னால் பரிமாறுபவருக்கு அரிப்பு என்றுதான் படும். "மல்லாட்டை சாப்பிட்டால் மூச்சு நின்றுவிடும்" என்று உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லுங்கள். சட்னியைக் கெட்டியாக்க வேர்க்கடலை அரைப்பார்களா, தாளிக்க எந்த எண்ணெய் என்று சமையல் செய்பவரிடமே கேட்டு வரச் சொல்லுங்கள். புளியோதரையில் கடலையைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடுவது போதாது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்று அதே லேபிள் விதிமுறை சொல்கிறது. உரிமையோடு கேளுங்கள்.

கடைசியாக மருந்து. மூச்சுத் திணறலுக்கு அரிப்புக்குப் போடும் செட்ரிசின் மாத்திரை காப்பாற்றாது, அட்ரினலின் ஊசிதான் வேண்டும். வெளிநாடுகளில் கிடைக்கும் பேனா வடிவ ஊசி நம்மூர் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு போட வேண்டும், யார் போடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ளட்டும். வெயிலில் நிற்கும் வண்டியில் அதை விடாதீர்கள். ஊசி போட்டாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி: இறால் ஒவ்வாது என்று சமீபத்தில் தெரிந்தது. மூட்டு வலிக்கு குளுக்கோசமைன் மாத்திரை வாங்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: பெரும்பாலான குளுக்கோசமைன் இறால், நண்டு ஓட்டிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஒவ்வாமை முக்கியமாகச் சதையின் புரதத்தால் வருவது என்பதால் எல்லாருக்கும் தொந்தரவு வருவதில்லை. ஆனாலும் அதை நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டாம். மக்காச்சோளத்தை நொதிக்க வைத்துத் தயாரிப்பதும் உண்டு. மூலப்பொருள் எது என்று அட்டையில் இல்லையென்றால் வாங்காதீர்கள், மருத்துவரிடம் அட்டையைக் காட்டுங்கள்.

கேள்வி: 200 உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று ஒரு லேப் தள்ளுபடியில் தருகிறது. எடுக்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: வேண்டாம். இந்தப் பேக்கேஜ்களில் பல பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. ஒவ்வாமையில் பங்குள்ள ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை வேறு. அதையும்கூட, எதைச் சாப்பிட்டு என்ன ஆனது என்று கேட்டறிந்த மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பொருளுக்கெல்லாம் 'பாசிட்டிவ்' வந்து, அரிசியும் பருப்பும் தவிர ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: லேபிளில் பால் என்று எதுவும் இல்லாத மிட்டாயைச் சாப்பிட்டு மருத்துவமனையில் சேர்ந்தேன். கடைக்காரர் கையை விரிக்கிறார். என்ன செய்வது? (வாசகர், சேலம்)

பதில்: கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம். மிச்சமுள்ள மிட்டாயை உறையோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். தொகுதி (பேட்ச்) எண், 14 இலக்க உரிம எண் தெரியும்படி படம் எடுங்கள். பில்லும் மருத்துவமனைச் சீட்டும் பத்திரம். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, பரிசோதிக்கப் போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருந்தால், வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கக் கேட்கலாம். 65-ஆவது பிரிவில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் உண்டு: கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் ரூபாய் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை.

அப்புறம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் சேலத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.