திலோனியாவின் மாணவிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு அமைப்புகளோடு சேர்ந்து நடத்தும் தொழில்முனைவோர் பயிற்சிகளுக்கு எங்கள் உறுப்பினர்களை அனுப்புகிறோம். ஒரு வாரம் போய் வருகிறார்கள். சான்றிதழ், குழுப் புகைப்படம், ஒரு கைப்பை. அதன்பின் ஒன்றும் நடப்பதில்லை. நாற்பது வயது தாண்டிய, அதிகம் படிக்காத பெண்களுக்கு மொழி தெரியாத ஊரில் என்ன கற்றுக்கொடுத்துவிட முடியும்? விமானச் செலவை அவர்களுக்கே கடனாகக் கொடுக்கலாமே என்று கூட்டத்தில் கேட்டேன். கல்விக்கு விரோதி மாதிரிப் பார்த்தார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

ஒரு வாரப் பயணங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், கைப்பை உட்பட. ஆனால் வயது, படிப்பு, மொழி என்று மூன்றின் மேல் பழி போடுகிறீர்களே, அதை ஏற்க முடியவில்லை.

ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்று ஒரு கிராமம். சமூகச் செயற்பாட்டாளர் பங்கர் ராய் 1972இல் தொடங்கிய ‘பேர்ஃபுட் காலேஜ்’ அங்கேதான் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் வேறு பல நாடுகளிலிருந்தும் கிராமத்துப் பெண்கள் வந்து, ஆறு மாதம் தங்கி, சோலார் விளக்கு அமைக்கவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள், பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பலருக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லிக்கொடுக்கிறவர்களும் அதிகம் படித்தவர்கள் அல்ல, அந்தப் பக்கத்துப் பெண்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத வகுப்பு.

எப்படி நடக்கிறது? கை காட்டி, செய்து காட்டி, படம் காட்டி. மின்சாரம் பாய்வதைக் கட்டுப்படுத்தும் சிறு பாகமான ரெசிஸ்டரின் மதிப்பு அதன் மேலுள்ள வண்ணக் கோடுகளில்தான் இருக்கிறது. பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று. உலகம் முழுக்க இதே கணக்குதான். சர்க்யூட் போர்டில் எதை எங்கே வைத்துச் சால்டரிங் செய்வது என்று கை பழகிவிட்டால் போதும். ஆறு மாதம் முடிவதற்குள், பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தை அளவோடு வைக்கும் சார்ஜ் கன்ட்ரோலரைத் தாங்களே செய்துவிடுகிறார்கள். கடைசியில் எழுத்துத் தேர்வு எதுவும் கிடையாது. சான்றிதழும் கிடையாது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆண்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுகிறார்கள், பாட்டிகள் ஊருக்குத்தான் திரும்புவார்கள் என்று பங்கர் ராய் மேடைகளில் சொல்வதுண்டு. கொஞ்சம் குறும்பான பேச்சுதான். ஆனால் பொய்யில்லை.

நீங்கள் எரிச்சல்படும் அந்த விமானச் செலவை இங்கே இந்திய அரசு ஏற்கிறது. 1964இல் தொடங்கிய, ஐடெக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தில் அது வருகிறது. அந்தப் பணம் வீணாகாமல் இருப்பதற்குக் காரணம் திலோனியாவில் நடப்பது மட்டுமில்லை, அந்தப் பெண்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே ஊரில் நடப்பதும்தான். முதலில் கிராமத்தில் ஒரு குழு போடுகிறார்கள். யாரை அனுப்புவது என்று ஊர் கூடி முடிவெடுக்கிறது. மண்ணெண்ணெய்க்கும் டார்ச் பேட்டரிக்கும் செலவழிக்கும் அளவுக்கு ஒரு தொகையை மாதாமாதம் கொடுக்க வீடுகள் ஒப்புக்கொள்கின்றன. திரும்பி வருகிற பெண்ணுக்குச் சம்பளமும், மாற்ற வேண்டிய உதிரிபாகங்களும் அதிலிருந்துதான். ஆக, வேலை முதலில், பயிற்சி அப்புறம். நாம் எப்போதும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

சரி, இதில் குறையே இல்லையா? இருக்கிறது. பழுதுபார்க்கத் தெரிவது ஒன்று, தொழில் நடத்தத் தெரிவது வேறொன்று. மலிவான சோலார் விளக்கு சந்தைக்கு வந்துவிட்ட ஊரில் மாதச் சந்தாவைத் தொடர்ந்து கொடுக்க யார் முன்வருவார்கள்? பேட்டரி தீர்ந்தால் புதியது எங்கிருந்து வரும்? கணக்கு எழுதுவது, சிறுதொழில் தொடங்குவது போன்றவற்றைப் பின்னாளில்தான் பாடத்தில் சேர்த்தார்கள். முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆறு மாதம் வீட்டை விட்டுப் போவதற்குக் கணவன்மார் போடும் முட்டுக்கட்டை வேறு. சான்சிபாரிலும் சியாரா லியோனிலும் அந்தந்த நாட்டிலேயே பயிற்சி மையம் வந்தது இந்தச் சிக்கலையும் கொஞ்சம் குறைத்திருக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. போருக்குப் பின் மட்டக்களப்பில் கணவரை இழந்த பெண்களுக்காக, இந்திய அரசின் நிதியில், அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா தொழிற்பயிற்சி நடத்தியது. அங்கிருந்து ஒரு குழுதான் அகமதாபாத் வந்தது. அவர்கள் திரும்பிப் போய் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோரையும் அனுப்ப வேண்டியதில்லை, திரும்பி வந்து சொல்லிக்கொடுக்கிறவர்களை அனுப்பினால் போதும்.

அடுத்த அழைப்பு வரும்போது பெயர்ப் பட்டியல் தயாரிப்பதற்கு முன் குழுவில் இரண்டு கேள்விகளை வையுங்கள். போகிறவர் திரும்பி வந்த அடுத்த மாதம் என்ன வேலை செய்வார்? அதற்கு யார் காசு கொடுப்பார்கள்? பதில் வந்தால் ஐம்பது வயதுக்காரரைத் தயங்காமல் அனுப்புங்கள், கையெழுத்துப் போடத் தெரியாவிட்டாலும் சரி. பதில் வராவிட்டால் உங்கள் கடன் யோசனையே மேல். கூட்டத்தில் இன்னொரு முறை சத்தமாகச் சொல்லுங்கள்.