பயண உடை தைக்க வாடிக்கையாளர் கருத்து எந்த அளவுக்கு உதவும்?

கேள்வி: பயணத்துக்கு வசதியான உடைகளைத் தைத்து விற்கலாம் என்றிருக்கிறேன். வாடிக்கையாளர்களிடம் கருத்துக் கேட்டு அதன்படி தைப்பது உண்மையில் பலன் தருமா?

தரும். ஆனால் "உடை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் தராது.

தர்மபுரியில் பெண்களுக்கான தையல் கடை வைத்திருக்கிறேன். பயணத்துக்கென்றே டாப்பும் பேண்ட்டும் தைக்க ஆரம்பித்த புதிதில், கருத்து எழுதச் சொல்லி ஒரு தாளை அச்சடித்து ஒவ்வொரு உடையோடும் வைத்துக் கொடுத்தேன். திரும்பி வந்த தாள்கள் அத்தனையிலும் "நன்றாக இருக்கிறது". குறை சொன்னால் தைத்தவள் மனம் நோகும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்களே பத்து நாள் கழித்து, "இதைக் கொஞ்சம் பிரித்துத் தைத்துக் கொடுங்கள் அக்கா" என்று அதே பேண்ட்டோடு வந்து நின்றார்கள். தாளை நிறுத்திவிட்டு ஒரு நோட்டு போட்டேன். பிரிக்க வந்த துணி எது, எந்த இடத்தில் விட்டது, எந்தப் பயணத்தில் விட்டது, இவ்வளவுதான் அதில் எழுதுவேன்.

அந்த நோட்டில் முதலில் தெரிந்தது என் தவறுதான். நான் நிற்க வைத்து அளவெடுத்தேன். அவர்கள் உட்கார்ந்து பயணம் செய்தார்கள். இங்கிருந்து பெங்களூரு 130 கிலோமீட்டருக்கு மேல். உட்கார்ந்தால் இடுப்புச் சுற்று கூடுகிறது, பேண்ட்டின் பின்பக்கம் கீழே இறங்குகிறது, முழங்காலில் துணி இழுக்கிறது. கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நின்றும் உட்கார்ந்தும் இரண்டு அளவு எடுக்கத் தொடங்கினேன். பலருக்கு ஒன்றரை அங்குலம், சிலருக்கு இரண்டு அங்குலம் வித்தியாசம் வந்தது. பின்பக்க உயரத்தைக் கூட்டினேன். கால்கள் சேரும் இடத்தில் ஒரு சாய்சதுரத் துண்டை ஒட்டுக் கொடுத்தேன். நான்கு தையலும் ஒரே புள்ளியில் வந்து முட்டாமல் இழுப்பு பரவிவிடுவதால், பஸ் படியேறும்போது கிழிகிற புகார் அதோடு நின்றது.

பாக்கெட் விஷயத்திலும் இதே கதைதான். எல்லோரும் பாக்கெட் கேட்டார்கள், நான்கு வைத்தேன். இரண்டை யாரும் தொடவே இல்லை. பக்கவாட்டுப் பாக்கெட்டிலிருந்த போன், உட்கார்ந்ததும் சரிந்து சீட் இடுக்கில் விழுந்தது. இப்போது இரண்டுதான். ஒன்று தொடையின் மேல் சற்றே முன்பக்கமாக, வாய் சாய்வாக. இன்னொன்று இடுப்புப் பட்டையின் உட்புறம், ஜிப்போடு, மடித்த ரூபாய் நோட்டும் டிக்கெட்டும் மட்டும் போகும் அளவுக்கு.

எந்தத் தாளிலும் யாரும் எழுதாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்: பஸ் நிலையக் கழிப்பறை. ஈரத் தரை, மாட்ட ஆணி கிடையாது, ஒரு கையில் பை, தோளில் துப்பட்டா. கால் அகலமான பேண்ட்டின் விளிம்பு நனைந்துவிடும். பிறகு அந்த ஈரத்தோடு மூன்று மணி நேரம். கணவரோடு கடைக்கு வரும்போது இதை ஒருவரும் சொன்னதில்லை. ஓசூருக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண், மதியம் கடையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் சொன்னார். அன்றைக்கே கால் விளிம்பில் மெல்லிய எலாஸ்டிக் வைத்தேன். முழங்கால் வரை சுருட்டினால் அங்கேயே நிற்கும். நாடாவை எடுத்துவிட்டேன், அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொள்கிறதாம். என் கடையில் அதிகம் போவது இந்தப் பேண்ட்தான்.

துணியைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சுத்தப் பருத்தி வேண்டும் என்பார்கள். பருத்தி வியர்வையை நன்றாகக் குடிக்கும், ஆனால் காய நேரமெடுக்கும், கசங்கவும் செய்யும். ஒகேனக்கலில் பரிசலில் நனைந்துவிட்டு 46 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவரைக் கேட்டால் தெரியும். ரேயான் உடலுக்குக் குளுமையாக இருக்கும். நனைந்தால் வலுவிழக்கும், சுருங்கும். அக்குளில் தையல் விட்டு என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ரேயான். பருத்தி கூடுதலாகவும் பாலியெஸ்டர் குறைவாகவும் கலந்த துணி எனக்குச் சரிப்பட்டது. எதுவானாலும் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகே வெட்டுகிறேன். நிறம் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கட்டும். வெளிர் துணி நனைந்தால் என்ன ஆகும் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. கருத்துகளைக் கூட்டி வகுத்துச் சராசரி பார்க்காதீர்கள். கோயில் சுற்றுலா போகிற வயதானவர்கள் டாப் முழங்காலுக்குக் கீழே வேண்டும் என்றார்கள். கல்லூரிப் பெண்கள் இடுப்புக்குச் சற்றுக் கீழே போதும் என்றார்கள். நடுவில் ஒரு நீளம் வைத்து 20 டாப் தைத்தேன். இரு தரப்பும் வாங்கவில்லை. அதில் பாதி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. கையின் நீளத்துக்கு மட்டும் ஒரு சமரசம் பலித்தது. சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவில் காலையில் குளிரும். மதியம் தர்மபுரியில் வந்து இறங்கினால் கொதிக்கும். அதனால் முழுக்கை வைத்து, மடித்து மாட்ட உள்ளே ஒரு பட்டியும் பட்டனும் வைக்கிறேன்.

இப்போது வருபவர்களிடம் உடையைப் பற்றிக் கேட்பதே இல்லை. கடைசியாக எங்கே போனீர்கள், எத்தனை மணி நேரம், வீட்டுக்கு வந்ததும் முதலில் எதைக் கழற்றி எறிந்தீர்கள் என்று கேட்கிறேன். மூன்றாவது கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். பாதிப் பேர் சொல்வது துப்பட்டாவை. அதற்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. தோளில் பட்டன் வைத்து மாட்டிப் பார்த்தேன். பையின் வார் உரசி பட்டன் இரண்டே வாரத்தில் அறுந்தது. இப்போது பட்டனுக்குப் பதில் துணியிலேயே ஒரு வளையம் தைத்து நான்கு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் பிரித்துத் தைக்க வருகிறார்களா என்று பார்க்க வேண்டும்.